காட்டுயிர்ப் பணிக்குப் போக விரும்பும் பிள்ளையும் கவலைப்படும் பெற்றோரும்

(புலம்பெயர்ந்த தமிழ்ப் பெற்றோரும் இளையோரும் கலந்துகொண்ட தொழில்வழிகாட்டல் அமர்வொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களில் பிள்ளையின் எதிர்காலம் பற்றிய பேச்சு பெரும்பாலும் நான்கு சொற்களுக்குள் அடங்கிவிடும். மருத்துவம், பொறியியல், கணக்கியல், சட்டம் என்பனவே அவை. அதற்குக் காரணம் உண்டு. புதிய நாட்டில் காலூன்றுவதற்காகப் பகலில் ஒரு வேலையும் இரவில் ஒரு வேலையும் செய்த தலைமுறை, தன் பிள்ளைகளாவது நிலையான வருவாயும் சமூக மதிப்பும் உள்ள தொழிலில் அமர வேண்டும் என்று விரும்புவது இயல்பே. அத்தகைய வீடொன்றில், பல்கலைக்கழகப் படிப்பை முடிக்கும் தறுவாயில் இருக்கும் மகளோ மகனோ, "தாய்லாந்தில் யானைகளைப் பராமரிக்கும் நிறுவனமொன்றில் வேலைக்குச் சேரப் போகிறேன்" என்று சொல்லும்போது வீடு அதிர்ந்து போவதும் இயல்பே. "இவ்வளவு கஷ்டப்பட்டுப் படிப்பித்தது யானைக்கும் நாய்க்கும் சோறு போடவா?" என்ற கேள்வி எழுகிறது. பிள்ளை அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறது. பேச்சு அத்துடன் நின்றுவிடுகிறது.

அந்தப் பேச்சு நின்றுவிடாமல் தொடர வேண்டும் என்பதே இவ்வுரையின் நோக்கம். இது ஒரு தொழிலே அல்ல என்று பெற்றோர் எண்ணுகின்றனர். விலங்குகள் மீது அன்பு இருந்தால் போதும், மற்றவை தாமாக அமைந்துவிடும் என்று இளையோர் எண்ணுகின்றனர். இரண்டு எண்ணங்களுமே பிழையானவை.

குளிரில் நடுங்குவதாகக் கருதி மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனைக் கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகத் தமிழ் மரபு போற்றுகிறது. அவனுடைய நெஞ்சின் ஈரம் போற்றத்தக்கதே. ஆயினும் மயிலுக்குப் போர்வை தேவைப்படுவதில்லை. இன்றைய விலங்குநலப் பணி அந்த ஈரத்தையும் கேட்கிறது. விலங்குக்கு உண்மையில் எது தேவை என்ற அறிவையும் கேட்கிறது.

இது தொழிலா, பொழுதுபோக்கா?

ஆசியாவில் இத்துறை எவ்வளவு விரிந்தது என்பதைச் சில எடுத்துக்காட்டுகளால் அறியலாம்.

கரடியின் பித்தநீரை மருந்துக்காக எடுப்பதற்கென்று சீனாவிலும் வியட்நாமிலும் கரடிகள் குறுகிய இரும்புக் கூண்டுகளில் அடைக்கப்பட்டுவந்தன. இக்கொடுமையை முடிவுக்குக் கொண்டுவரும் நோக்குடன் 1998 ஆம் ஆண்டு ஜில் ராபின்சன் என்பவர் அனிமல்ஸ் ஏசியா என்ற அமைப்பை நிறுவினார். ஹொங்கொங்கைத் தலைமையிடமாகக் கொண்ட இவ்வமைப்பு சீனாவின் செங்டு நகரத்திலும் வியட்நாமின் தாம் தாவோ பகுதியிலும் கரடிக் காப்பகங்களை அமைத்தது. 2005 ஆம் ஆண்டளவில் வியட்நாமின் பண்ணைகளில் 4000க்கும் மேற்பட்ட கரடிகள் இருந்தன. இன்று அந்த எண்ணிக்கை அதில் மிகச் சிறு பங்காகச் சுருங்கியிருக்கிறது. இம்மாற்றத்திற்குப் பின்னால் கண்ணீர் மட்டும் இருக்கவில்லை. பித்தப்பையில் அறுவைச் சிகிச்சை செய்யும் கால்நடை மருத்துவர்கள் இருந்தனர்; அரசுடன் உடன்படிக்கை எழுதிய சட்ட அறிஞர்கள் இருந்தனர்; மூலிகை மாற்றுகளைப் பரிந்துரைத்த மரபு மருத்துவர்கள் இருந்தனர்; பல நாடுகளிலிருந்து வந்த நன்கொடைக்குக் கணக்கு எழுதியவர்களும் இருந்தனர்.

இந்தியாவில் 1995 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட வைல்ட்லைஃப் எஸ்ஓஎஸ் என்ற அமைப்பின் பணி இன்னொரு பாடத்தைக் கற்பிக்கிறது. மூக்கைத் துளைத்துக் கயிறு கோத்துக் கரடிகளைத் தெருவில் ஆடவைக்கும் வழக்கம், கலந்தர் என்னும் சமூகத்தவரின் பரம்பரைப் பிழைப்பாக இருந்தது. கரடியைப் பறிமுதல் செய்வதோடு நின்றிருந்தால் அந்தக் குடும்பங்கள் பட்டினியில் வீழ்ந்திருக்கும்; இன்னொரு கரடிக்குட்டி காட்டிலிருந்து திருடப்பட்டிருக்கும். ஆகவே கரடியை ஒப்படைத்தவர்களுக்கு மாற்றுத் தொழிலுக்கான உதவியும் அவர்களின் பிள்ளைகளுக்குக் கல்வியும் வழங்கப்பட்டன. 600க்கும் மேற்பட்ட கரடிகள் மீட்கப்பட்டு, 2009 ஆம் ஆண்டு இறுதியில் அவ்வழக்கம் இந்தியாவில் முடிவுக்கு வந்தது. விலங்கைக் காப்பது என்பது பெரும்பாலும் அதன் அருகே வாழும் ஏழை மனிதரின் வாழ்வைச் சீர்செய்வதே என்பது இத்துறையின் முதற்பாடம்.

மூன்றாவது எடுத்துக்காட்டு பிணந்தின்னிக் கழுகுகள், அதாவது பாறுகள், பற்றியது. 1990களில் தெற்காசியாவில் இவை இலட்சக்கணக்கில் மடிந்தன. மாடுகளுக்குக் கொடுக்கப்பட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி, இறந்த மாட்டின் உடல்வழியே பாறுகளின் சிறுநீரகத்தைச் சிதைத்தது என்பதை 2004 ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் நிறுவினர். 2006 ஆம் ஆண்டு இந்தியா, நேபாளம், பாகிஸ்தான் ஆகிய நாடுகள் அம்மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவதைத் தடைசெய்தன. இங்கு பறவைகளைக் காத்தது நோயியல் ஆய்வுகூடமும் மருந்துச் சட்டமும் மருந்துக் கடைகள்தோறும் ஏறி இறங்கிய களப்பணியாளர்களின் கால்களும் ஆகும்.

எவர் தேவைப்படுகின்றனர்?

இத்துறையில் எல்லோரும் விலங்கைத் தொட்டு வேலை செய்வதில்லை. கால்நடை மருத்துவர், கால்நடைத் தாதியர், விலங்குப் பராமரிப்பாளர் ஆகியோர் ஒரு பிரிவினர். காட்டுயிர் உயிரியலாளர், தானியங்கிப் புகைப்படக் கருவிகளின் பதிவுகளைப் பகுப்பாய்வு செய்வோர், செய்மதிப் படங்களிலிருந்து நிலவரைபடம் ஆக்குவோர், புள்ளிவிவர அறிஞர் ஆகியோர் இன்னொரு பிரிவினர். கணக்காளர், நிதி திரட்டுவோர், திட்ட முன்மொழிவு எழுதுவோர், சட்டத்தரணிகள், ஊடகப் பணியாளர், பாடசாலைகளுக்குச் செல்லும் கல்வி அலுவலர், கணினி வல்லுநர் ஆகியோர் மூன்றாம் பிரிவினர்.

பெற்றோர் இங்கு கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அவர்கள் விரும்பும் கணக்கியலும் சட்டமும் பொறியியலும் இப்பணிக்கு வெளியே நிற்பவை அல்ல. உலகின் பெரும்பாலான தொண்டு நிறுவனங்கள் விலங்கைக் கொஞ்ச விரும்புவோரால் நிரம்பி வழிகின்றன. கொடையாளருக்குக் கொடுக்க வேண்டிய நிதியறிக்கையை உரிய நாளில் பிழையின்றி எழுதக்கூடியவரைத்தான் அவை தேடி அலைகின்றன. வெளிநாட்டில் பயின்ற ஒருவருக்கு ஆசியாவில் ஊதியத்துடன் கிடைக்கக்கூடிய பணிகளுள் பெரும்பாலானவை இந்த மூன்றாம் பிரிவிலும், கால்நடை மருத்துவத்திலுமே அமைகின்றன.

இதற்குக் காரணம் நியாயமானது. யானைப் பாகன், கரடிப் பராமரிப்பாளர், காட்டு வழிகாட்டி ஆகிய பணிகளுக்கு அந்தந்த ஊரவரே தகுதியானவர்கள். அவர்களுக்கு நிலம் தெரியும், மொழி தெரியும், அந்த ஊதியம் அவர்களின் குடும்பத்தைத் தாங்கும். அவர்கள் இலவசமாகச் செய்யும்படி எவரும் கேட்கக்கூடாத ஒரு வேலையை, வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் இலவசமாகச் செய்தால் ஒரு குடும்பத்தின் அடுப்பு அணைகிறது. ஆகவே "அங்கு இல்லாத எந்தத் திறனைக் கொண்டு செல்ல முடியும்?" என்பதே விண்ணப்பிக்கும் இளையோர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய முதற் கேள்வி.

தமிழ் மொழியின் பெறுமதி

அந்தக் கேள்விக்குத் தமிழ் இளையோரிடம் மட்டும் இருக்கக்கூடிய விடை ஒன்று உண்டு. அது அவர்களின் தாய்மொழி.

தமிழகத்தின் ஆனைமலைத் தொடரில் உள்ள வால்பாறைத் தேயிலைத் தோட்டங்கள் வழியே காட்டு யானைகள் நடமாடுகின்றன. அதிகாலையில் பேருந்துக்குச் செல்லும் தொழிலாளி, எதிரே யானை நிற்பதை அறியாமல் உயிரிழந்த நிகழ்வுகள் பல. மைசூரைத் தலைமையிடமாகக் கொண்ட இயற்கைப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர் ஆனந்தகுமாரும் குழுவினரும் யானைகள் எங்கே நிற்கின்றன என்பதை உள்ளூர்த் தொலைக்காட்சியிலும் கைத்தொலைபேசிக் குறுஞ்செய்தியிலும் சிவப்பு எச்சரிக்கை விளக்குகளாலும் மக்களுக்கு அறிவிக்கும் முறையை உருவாக்கினர். இப்பணிக்கு 2015 ஆம் ஆண்டு விட்லி விருது கிடைத்தது. அந்த எச்சரிக்கை அங்குள்ள தொழிலாளரைச் சென்றடைந்தது தமிழ் வழியாகத்தான்.

சென்னைக்கு அண்மையில் வடநெம்மேலியில் 1978 ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், பாம்புகளைப் பிடித்து நஞ்சு எடுத்து மீண்டும் காட்டில் விடுகிறது. அந்த நஞ்சிலிருந்து பாம்புக்கடிக்கு மருந்து தயாரிக்கப்படுகிறது. 2023 ஆம் ஆண்டு இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகியோருக்கு இந்திய அரசு பத்மசிறீ விருது வழங்கியது. இத்தகைய மரபறிவைப் பதிவுசெய்ய விரும்பும் ஆய்வாளருக்கு, மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் ஒரு முதியவரோடு திண்ணையில் அமர்ந்து பேச முடிவது எவ்வளவு பெரிய வாய்ப்பு! சென்னையில் 1959 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட புளூ கிராஸ் அமைப்பு, தெருநாய்களைக் கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடை செய்யும் முறைக்கு முன்னோடியாக விளங்கியது. கோயம்புத்தூரைச் சார்ந்த அருளகம் அமைப்பு பாறுகளைக் காக்கும் பணியில் ஈடுபட்டுவருகிறது.

இலங்கையில் மனிதருக்கும் யானைக்கும் இடையிலான மோதல் கடுமையானது. 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஆண்டுக்கு 400க்கும் மேற்பட்ட யானைகள் மடிந்தன. ஆண்டுதோறும் நூற்றுக்கும் மேற்பட்ட மனித உயிர்களும் பறிபோயின. வடக்கில் மன்னாருக்கு அண்மையில் உள்ள வங்காலைச் சரணாலயம் 2010 ஆம் ஆண்டு பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. சுண்டிக்குளம் 2015 ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக்கப்பட்டது. இவ்விடங்களில் பறவைகளைக் காப்பவர், அவற்றின் அருகே வாழும் மீனவரோடும் உழவரோடும் அவர்களின் காணி, வாழ்வாதாரக் கவலைகளைக் கேட்டறிந்து பேச வேண்டும். போரால் இடம்பெயர்ந்து மீண்ட மக்களிடம், அவர்களின் நிலத்தின் மீது இன்னொரு எல்லைக்கல்லாகக் காட்டுயிர்ப் பாதுகாப்பு தோன்றிவிடக் கூடாது. அந்த நுண்மையை உணர்ந்து தமிழில் பேசக்கூடியவர்கள் அங்கு தேவைப்படுகின்றனர்.

மலேசியாவில் காட்டில் எஞ்சியிருக்கும் புலிகள் 150க்கும் குறைவு என 2022 ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. 1940 ஆம் ஆண்டு முதல் இயங்கும் மலேசிய இயற்கைக் கழகமும், புலிப் பாதுகாப்புக்கான கூட்டமைப்பும் பொதுமக்களைத் தன்னார்வலராக இணைத்துக்கொள்கின்றன. சிங்கப்பூரில் 2001 ஆம் ஆண்டு தொடங்கிய ஏக்கர்ஸ் அமைப்பு, நகரத்திற்குள் அகப்படும் காட்டுயிர்களை மீட்கிறது.

வார இறுதித் தமிழ்ப் பாடசாலைக்குப் போவதால் என்ன பயன் என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல விடை கிடைப்பது அரிது.

பணம் கட்டிச் செய்யும் தொண்டு

ஏமாற்றம் மிகுந்த பகுதி இதுவே. ஆகவே பெற்றோரும் இளையோரும் சேர்ந்தே இதனைக் கவனிக்க வேண்டும்.

தாய்லாந்தின் காஞ்சனபுரி மாவட்டத்தில் புலிக்கோயில் என்று பெயர்பெற்ற ஒரு மடம் இருந்தது. அங்கு புலிக்குட்டிகளுக்குப் பாலூட்டலாம்; வளர்ந்த புலியின் அருகே அமர்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம். புலிகளைக் காக்கும் இடம் என்று நம்பி வெளிநாட்டு இளையோர் பலர் அங்கே தொண்டு செய்தனர். 2016 ஆம் ஆண்டு அதிகாரிகள் அங்கிருந்து 137 புலிகளை அகற்றினர். உறைபெட்டியில் 40 புலிக்குட்டிகளின் உடல்கள் கண்டெடுக்கப்பட்டன. அங்கிருந்து கொண்டுசெல்லப்பட்ட புலிகளில் பாதிக்கும் மேற்பட்டவை இறந்துவிட்டதாக 2019 ஆம் ஆண்டு தெரியவந்தது. அங்கே தொண்டு செய்த இளையோர் கெட்டவர்கள் அல்லர். அவர்கள் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்கவில்லை.

பங்களிப்புக் கட்டணம் வாங்கும் எல்லா நிறுவனங்களும் மோசடியானவை என்று கொள்ளலாகாது. தன்னார்வலரின் உணவுக்கும் தங்குமிடத்திற்கும் செலவு உண்டு. மிகுதி விலங்குகளின் தீவனத்திற்குப் போகலாம். ஆனால் பணம் அனுப்புவதற்கு முன் பின்வரும் கேள்விகளுக்கு எழுத்தில் விடை பெறுதல் வேண்டும்.

விலங்குகள் எங்கிருந்து வந்தன? குட்டிகள் அங்கேயே பிறக்கின்றனவா? பிறந்தால், அவை வளர்ந்தபின் எங்கே போகின்றன? பார்வையாளர் விலங்கைத் தூக்கவோ அதன் மீது ஏறவோ அனுமதிக்கப்படுகின்றனரா? நிறுவனம் அந்நாட்டில் பதிவுபெற்றதா? ஆண்டுக் கணக்கறிக்கை வெளியிடப்படுகிறதா? நிரந்தரக் கால்நடை மருத்துவர் இருக்கிறாரா? உலக விலங்குக் காப்பகங்களின் கூட்டமைப்பு போன்ற வெளி அமைப்பொன்றின் தரச்சான்று உண்டா?

குட்டியைக் கொஞ்சலாம் என்று விளம்பரம் செய்யும் இடம் எதுவாயினும் அதனை விட்டு விலகுவதே நன்று. காட்டுக்குத் திரும்ப வேண்டிய குரங்கோ கரடியோ மனிதரோடு பழகிவிட்டால் அதன் விடுதலை தடைப்படுகிறது. மனிதரின் சாதாரணத் தடிமல்கூட ஒராங்குட்டானுக்குத் தொற்றி அதன் உயிருக்கு ஊறு செய்யலாம். நல்ல நிறுவனங்கள் பல, புதிதாக வரும் தன்னார்வலரைத் தூரத்திலேயே நிறுத்துகின்றன. கூண்டு கழுவுவதும் தீவனம் வெட்டுவதும் குறிப்பெடுப்பதுமே அவர்களின் வேலை. அது ஏமாற்றம் தரலாம். ஆனால் அதுவே நிறுவனத்தின் நேர்மைக்குச் சான்று.

சட்டமும் உடல்நலமும்

சுற்றுலா விசாவில் சென்று வேலை செய்யலாம் என்று எவரேனும் சொன்னால் நம்புதல் கூடாது. தாய்லாந்தில் ஊதியம் பெறாத தொண்டுக்கும் பணி அனுமதி தேவைப்படுகிறது. இந்தியாவின் வெளிநாடுவாழ் குடியுரிமை அட்டை வைத்திருப்போர் வேலை செய்யலாம் எனினும், 2021 ஆம் ஆண்டு அறிவித்தலின்படி ஆய்வுப் பணிக்கும் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்கும் தனி அனுமதி பெறுதல் வேண்டும். இந்தியக் காடுகளில் ஆய்வு செய்ய மாநில வனத்துறையின் இசைவும், இலங்கையில் வனசீவராசிகள் திணைக்களத்தின் இசைவும் வேண்டும். இவற்றுக்குப் பல மாதங்கள் செல்லலாம். மேலும், இந்தியாவின் வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம் 2020 இல் திருத்தப்பட்டபின், அத்தகைய நிதியில் 20 விழுக்காட்டிற்கு மேல் நிருவாகச் செலவுக்குப் பயன்படுத்த முடியாது. ஆகவே அங்குள்ள நிறுவனம் ஊதியம் தரத் தயங்கினால் அது எப்போதும் மனமின்மையால் அன்று.

நீர்வெறுப்பு நோயால் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அவர்களுள் பெரும்பாலோர் ஆசியாவையும் ஆபிரிக்காவையும் சேர்ந்தவர்கள். நோய்க்குறி தோன்றியபின் உயிர் பிழைப்பது மிக அரிது. எனவே விலங்குப் பணிக்குச் செல்பவர் புறப்படும் முன்னரே தடுப்பூசி ஏற்றிக்கொள்ள வேண்டும்; கடியோ கீறலோ ஏற்பட்டால் உடனே சவர்க்காரமிட்டுக் கழுவி மருத்துவரிடம் செல்ல வேண்டும். இது பெற்றோர் விட்டுக்கொடுக்கக் கூடாத நிபந்தனை.

படிப்படியான வழி

முதற்படி, வாழும் ஊரிலேயே தொடங்குவது. அருகிலுள்ள விலங்குக் காப்பகத்திலோ பறவைக் கணக்கெடுப்பிலோ ஓராண்டு ஒழுங்காகத் தொண்டு செய்த சான்று, வெளிநாட்டில் இரு வாரம் கழித்த படங்களைவிடப் பெறுமதியானது. குளிர்காலக் காலையில் கூண்டு கழுவியபின்னும் ஆர்வம் எஞ்சியிருக்கிறதா என்பதைப் பிள்ளையும் பெற்றோரும் அங்கேயே அறிந்துகொள்ளலாம்.

இரண்டாம் படி, கைக்கொள்ளக்கூடிய ஒரு திறனைப் பெறுவது. கால்நடை மருத்துவம், தாதியியல், நிலவரைபடவியல், கணக்கியல், சட்டம் ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்து அதில் தேர்ச்சி பெறல் வேண்டும். மேற்படிப்புக்கு இங்கிலாந்தின் கென்ற் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு உயிரியலும், எடின்பரோ பல்கலைக்கழகத்தில் விலங்குநலமும் உண்டு. இந்தியாவில் டேராடூனிலுள்ள இந்தியக் காட்டுயிர் நிறுவனமும், மயிலாடுதுறைக்கு அண்மையில் மன்னம்பந்தலில் உள்ள ஏ.வி.சி. கல்லூரியும் இத்துறையில் பெயர்பெற்றவை.

மூன்றாம் படி, குறுகிய காலப் பயிற்சி. உதகமண்டலத்தில் உலகக் கால்நடை மருத்துவச் சேவை அமைப்பு நடத்தும் பயிற்சி நிலையத்தில் கால்நடை மருத்துவ மாணவர்கள் நாய்களுக்கான கருத்தடை அறுவைச் சிகிச்சையைப் பயில்கின்றனர். கோவாவில் 2013 இல் தொடங்கிய நீர்வெறுப்பு ஒழிப்புத் திட்டம் போன்றவற்றில், தடுப்பூசி ஏற்றப்பட்ட நாய்களின் தொகை 70 விழுக்காட்டை எட்டியதா என்று தெருத்தெருவாகக் கணக்கெடுப்பவர்களும் தேவை.

நான்காம் படியே விண்ணப்பம். நிறுவனத்தின் அண்மைய ஆண்டறிக்கையை முழுமையாகப் படித்தபின் எழுதப்படும் ஒரு பக்கக் கடிதம், நூறு நிறுவனங்களுக்கு ஒரே நாளில் அனுப்பப்படும் கடிதத்தைவிடப் பயன் தரும். "சிறு வயது முதல் விலங்குகளை நேசிக்கிறேன்" என்ற வரி எல்லாக் கடிதங்களிலும் இருக்கிறது. என்ன செய்யத் தெரியும், எந்த மொழிகள் பேச வரும், எவ்வளவு காலம் தங்க முடியும் என்ற மூன்று செய்திகளும் தெளிவாக இருந்தால் கடிதம் படிக்கப்படும்.

நிறைவாக

ஊதியம் பற்றி உண்மையைச் சொல்லியாக வேண்டும். இத்துறையில் எவரும் செல்வந்தராவதில்லை. உள்ளூர் ஊதியத்தில் பணியாற்றி மேற்கு நாட்டின் கல்விக்கடனை அடைப்பது கடினம். ஆகவே கடன் எவ்வளவு, சேமிப்பு எவ்வளவு, எத்தனை ஆண்டு முயன்று பார்ப்பது, திரும்பி வந்தால் எந்தத் தொழில் கைகொடுக்கும் என்பவற்றைத் தாளில் எழுதி, ஒரே மேசையில் அமர்ந்து குடும்பமாகப் பேசுதல் வேண்டும். கணக்கோடு வரும் பிள்ளையைப் பெற்றோர் இலகுவில் மறுக்க மாட்டார்கள். கணக்கைக் கேட்கும் பெற்றோரிடமிருந்து பிள்ளையும் ஓடி ஒளியாது.

தம் பிள்ளைகள் ஆசிய மண்ணை மறந்துவிடுவார்களோ என்று புலம்பெயர்ந்த பெற்றோர் அஞ்சுகின்றனர். அந்த மண்ணின் யானைக்கும் பாறுக்கும், அவற்றோடு மல்லுக்கட்டி வாழும் உழவருக்கும் உழைக்க ஒரு பிள்ளை தானே முன்வரும்போது, அதனைத் தோல்வியாகக் கருதத் தேவையில்லை. தக்க அறிவோடும் சட்டப்படியான ஆவணங்களோடும் தடுப்பூசியோடும் தாய்மொழியோடும் அந்தப் பிள்ளையை அனுப்பிவைப்பதே பெற்றோரின் கடமை. சென்ற இடத்தில் முதலில் ஊரவரின் சொல்லுக்குச் செவிகொடுப்பதே பிள்ளையின் கடமை.